டிராம் வண்டியில் பார்த்த பெயர்ப் பலகை

பெங்களூரில் பஸ் ஏறும் தமிழர்களுக்கு சி.வி.ராமன் நகர் என்ற பெயர் நன்றாகப் பழக்கம். கண்டக்டர் கூவுவார், இறங்க வேண்டியவர்கள் இறங்குவார்கள். ராமன் என்றால் நோபல் பரிசு வாங்கியவர் என்பது அவர்களில் பலருக்கும் தெரியும். எதற்காக வாங்கினார் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவரும் நம்மைப் போல, சொந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்தான். சர்க்கார் ஆபீசில் கணக்குப் பார்த்தவர்தான். பத்து மணிக்கு ஆபீஸ், ஐந்து மணிக்கு வீடு என்ற வாழ்க்கை அவருக்கும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஐந்து மணிக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை.

ராமன் பிறந்தது 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, திருச்சியை அடுத்த திருவானைக்காவலில். தந்தை சந்திரசேகர அய்யர் ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். ராமன் சிறு குழந்தையாக இருந்தபோதே, விசாகப்பட்டினம் கல்லூரியில் தந்தைக்கு வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. ஆக, தெலுங்கு பேசும் ஊரில் வளர்ந்த தமிழ்ப் பையன். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகங்கள். தந்தை வயலின் வாசிப்பார். இந்த இரண்டும் பையனின் தலையில் ஏறிவிட்டன.

11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். 14 வயதில் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு. முதல் நாள் இந்தச் சிறுவனைப் பார்த்த வெள்ளைக்காரப் பேராசிரியர், இவன் நிஜமாகவே பி.ஏ. மாணவன்தானா என்று சந்தேகப்பட்டு விசாரித்தாராம். அந்தச் சிறுவன் 1904-ல் முதல் வகுப்பில் தேறி, பௌதிகத்தில் தங்கப் பதக்கமும் வாங்கினான். இரண்டு ஆண்டு கழித்து, ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இப்படிப்பட்டவர் சீமைக்குப் போய் மேலே படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். சென்னையில் டாக்டர் பரிசோதித்துப் பார்த்து, இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் விஞ்ஞானம் படித்த இந்தியனுக்கு உள்ளூரில் வேலை ஏது? அண்ணன் சுப்பிரமணிய அய்யர் நிதி இலாகா உத்தியோகத்தில் இருந்தார். (அந்த அண்ணனின் மகன் சந்திரசேகர் 1983-ல் நோபல் பரிசு பெற்றார். ஒரே குடும்பத்தில் இரண்டு!) தம்பியும் அதே பரீட்சையை எழுதினார். முதலாவதாகத் தேறினார். அதே 1907-ல் லோகசுந்தரி அம்மாளுடன் திருமணம். கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் உத்தியோகம். 18 வயதில் பெரிய அதிகாரி! குடும்பம் மூச்சு விட்டது.

பவுபஜாரில் ஒரு வீடு

கல்கத்தாவில் ஆபீசுக்குப் போக டிராம் வண்டி. ஒரு நாள் பவுபஜார் தெருவில் வண்டி போகும்போது, 210-ம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகை ராமனின் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காளி மருத்துவர், இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஊரெல்லாம் பணம் திரட்டி 1876-ல் தொடங்கிய கழகம் அது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன. வந்து ஆராய்ச்சி செய்ய ஆள்தான் கிடைக்கவில்லை. அந்தக் கவலையோடே அவர் 1904-ல் காலமாகிவிட்டார்.

ராமன் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே என்ற ஊழியர். எல்லோரும் ஆசு பாபு என்று கூப்பிடுவார்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவர். பிறகு பல ஆண்டுகள் ராமனுக்கு வலது கையாக இருந்தவர் இவர்தான். பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இவர் பெயரிலேயே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. ராமன் கதை சொல்லும்போது ஆசு பாபுவை விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை.

அன்று முதல் ராமனின் நாள் எப்படிப் போயிற்று என்பதை லோகசுந்தரி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரை மணிக்குக் கழகத்துக்குப் போவார். ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி வந்து, குளித்து, அவசரமாக நாலு கவளம் சாப்பிட்டு, நேரமாகிவிடக்கூடாதே என்று வாடகை வண்டி பிடித்து ஆபீசுக்கு ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து நேரே கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கேதான். நடுவில் ரங்கூனுக்கும் நாகப்பூருக்கும் மாற்றல் வந்தது. போனார், 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பினார். பிறகு பழையபடி அதே ஓட்டம். இப்படிப் பத்து ஆண்டு!

ஆபீஸ் வேலையில் குறை வைத்தாரா என்றால், அதுவும் இல்லை. மேலதிகாரிகளுக்கு அவர் மேல் நல்ல மதிப்பு. அந்த வீட்டு அம்மாளின் பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை.

மிருதங்கத்தின் கறுப்பு வட்டம்

பெரிய கருவிகள் வாங்கப் பணம் இல்லை. கையில் இருப்பதை வைத்து என்ன ஆராயலாம்? வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம், தபலா. தகப்பனார் வீட்டில் காதில் விழுந்த ஒலிகளை ராமன் விஞ்ஞானத்துக்குள் கொண்டு வந்தார்.

ஒரு தந்தியை மீட்டினால் ஒரு ஒலி மட்டும் வருவதில்லை. அந்தத் தந்தி ஒரு வினாடியில் 100 முறை அதிர்ந்தால், கூடவே 200, 300, 400 முறை அதிரும் துணை ஒலிகளும் சேர்ந்து வரும். 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று கணக்காக வருவதால் காதுக்கு இனிமை. தோல் கட்டிய சாதாரண டிரம் அப்படியில்லை. அதன் துணை ஒலிகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று கணக்கில் அடங்காமல் வரும். அதனால்தான் டிரம் அடித்தால் சத்தம் கேட்கிறது, சுருதி கேட்பதில்லை. மேல்நாட்டு விஞ்ஞானிகள் தோல் கருவி என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

மிருதங்கம் அப்படியா? கச்சேரிக்கு முன்னால் வித்வான் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டி அதைச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுருதியே இல்லாத கருவியை எப்படிச் சுருதி சேர்க்க முடியும்? ரகசியம் வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தில் இருக்கிறது. கல்லைப் பொடி செய்து, சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுகிறார்களே, அந்தக் கரணை! நடுவில் அந்தப் பாரம் ஏறியதும் தோலின் அதிர்வுகள் கட்டுக்குள் வந்து 1, 2, 3, 4, 5 என்ற கணக்குக்கு இறங்கி விடுகின்றன. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டி, மணல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து ராமன் இதை நிரூபித்தார். 1920-ல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகையில் எழுதினார். மிருதங்கம் செய்யும் தொழிலாளி எந்தப் பள்ளிக்கூடத்திலும் இந்தக் கணக்கைப் படிக்கவில்லை. காதால் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

வீணையையும் தம்புராவையும் அவர் விடவில்லை. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு சின்ன நூலைச் செருகியதும் ஒலி ரீங்கரிக்கிறதே, ஏன்? குதிரையின் மேற்புறம் கத்தி முனை போல் இல்லாமல் பட்டையாக வளைந்திருக்கிறது. தந்தி அதைத் தொட்டுத் தொட்டு விலகும்போது, ஐரோப்பியப் பாடப் புத்தகத்தின்படி வரவே கூடாத துணை ஒலிகளும் வந்து சேருகின்றன என்று காட்டினார்.

பாதிச் சம்பளம்

இதற்குள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் என்று பௌதிகத்துக்கு ஒரு பதவி ஏற்பட்டிருந்தது. துணைவேந்தராக இருந்த சர் அசுதோஷ் முகர்ஜிக்கு ராமன் மேல் கண். பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதற்காக நான் கடல் தாண்ட மாட்டேன் என்று ராமன் சொல்லிவிட்டார். முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்தினார்.

சம்பளம்? சர்க்கார் உத்தியோகத்தில் வாங்கியதில் ஏறத்தாழ பாதிதான். மேலே மேலே உயரக்கூடிய பதவி, பென்ஷன், அந்தஸ்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1917-ல் ராமன் பேராசிரியர் ஆனார். குடும்பஸ்தன் எவனும் இதைப் படித்து ஒரு நிமிஷம் நிறுத்துவான்.

கடல் ஏன் நீலம்?

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் பிரதிநிதியாகக் கப்பலேறினார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கோபுர மாடத்தில் ஒரு பக்கம் ரகசியம் பேசினால் எதிர்ப்பக்கம் கேட்கும். பீஜப்பூர் கோல்கும்பஸ் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். அங்கேயும் ராமன் சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதினார்.

திரும்பும்போது நர்குண்டா என்ற கப்பல். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வாளியில் மொண்டால் நிறமே இல்லாத தண்ணீர், கடலில் ஏன் இப்படி நீலமாக இருக்கிறது? வானம் நீலம், அதன் பிம்பம் கடலில் விழுகிறது, அவ்வளவுதான் என்று ரேலே பிரபு சொல்லியிருந்தார். வானம் ஏன் நீலம் என்று உலகுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவரே அவர்தான். அவர் சொன்னால் மறுப்பேது?

ராமனின் சட்டைப் பையில் நிகல் பட்டகம் என்ற சின்னக் கருவி இருந்தது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்திலிருந்து இதன் வழியே பார்த்தால், அந்தப் பிரதிபலிப்பு அழிந்துவிடும். இன்று போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டால் தார் ரோட்டின் கண் கூசும் பளபளப்பு மறைகிறதே, அதே வித்தை. கப்பல் தளத்தில் நின்று பட்டகத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். வானத்தின் பிம்பம் போய்விட்டது. கடலின் நீலமோ போகவில்லை. முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது!

அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன. நீல ஒளி மிகுதியாகச் சிதறுகிறது என்று கப்பலிலேயே கட்டுரை எழுதி, பம்பாய்த் துறைமுகத்தில் தபாலில் சேர்த்துவிட்டார். தண்ணீர் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுவதும் நீலத்துக்கு ஒரு பெரிய காரணம் என்பது இன்று தெளிவாகத் தெரியும். விழுங்குவதும் சிதறுவதும் சேர்ந்துதான் கடலுக்கு அந்த நிறம். ஆனால் வானத்தின் பிம்பம் மட்டும்தான் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

கோடியில் ஒன்று

கல்கத்தா திரும்பியதும் தண்ணீர், பனிக்கட்டி, எண்ணெய், ஆல்கஹால் என்று கிடைத்ததில் எல்லாம் ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியை ஆராயத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து இளைஞர்கள் ராமனைத் தேடி வந்தார்கள். கே.ஆர்.ராமநாதன் 1923-ல் தண்ணீரில் ஒரு விநோதத்தைக் கவனித்தார். உள்ளே விட்ட நிறம் ஒன்று. வெளியே வந்ததில் மங்கலாக வேறு நிறமும் கலந்திருந்தது. ஏதோ அழுக்கு என்று தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். அந்த மங்கல் போகவில்லை.

வெங்கடேசுவரன் என்று ஒருவர் அலிப்பூர் சர்க்கார் பரிசோதனைச் சாலையில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் இங்கே வந்து ஆராய்ச்சி செய்வார். ராமனின் பழைய கதைதான்! 1928 தொடக்கத்தில், சுத்தமான கிளிசரினில் நீல ஒளிக்குப் பதில் பச்சை கலந்த ஒளி தெரிவதாக அவர் சொன்னார். இது பகுதி நேர ஆளால் ஆகும் வேலை இல்லை. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனை ராமன் இதில் முழுமூச்சாக இறக்கினார். கிருஷ்ணன் ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்தார். எல்லாவற்றிலும் அது இருந்தது.

1928 பிப்ரவரி 28. பாதரச விளக்கின் ஒளியைத் திரவத்தில் பாய்ச்சி, சிதறிய ஒளியை ஒரு சிறு நிறமாலைக் கருவி வழியே பார்த்தார்கள். விளக்கில் இல்லாத புதிய கோடுகள் பளிச்சென்று தனியாகத் தெரிந்தன.

விஷயம் இதுதான். ஒளித் துகள்கள் மூலக்கூறுகளில் மோதித் திரும்புகின்றன. வந்தபடியே திரும்புகிறவைதான் மிக அதிகம். கோடியில் ஒன்று என்ற கணக்கில் ஏதோ ஒரு துகள் மட்டும் தன் சக்தியில் கொஞ்சம் அந்த மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. சக்தி குறைந்தால் நிறம் மாறும். எவ்வளவு கொடுக்கிறது என்பது மோதிய பொருளைப் பொறுத்தது. சோதனைச் சாவடியில் ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு கட்டணம் போல! ஆகவே திரும்பி வந்த ஒளியின் நிறத்தைப் பார்த்து, அது எந்தப் பொருளைத் தொட்டு வந்தது என்று சொல்லிவிடலாம். தொடாமல், உடைக்காமல், கரைக்காமல்.

இன்று வைரம் அசலா போலியா என்று பார்க்கவும், மருந்தில் கலப்படம் கண்டுபிடிக்கவும் இந்த ராமன் விளைவு பயன்படுகிறது. 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க வண்டியில்கூட ராமன் கருவிகள் உண்டு.

ராமன் மார்ச் 16-ந் தேதி இதை விரிவாக விளக்கிப் பேசியது நம் பெங்களூரில்தான். அதே சமயம் மாஸ்கோவில் இரண்டு ரஷ்ய விஞ்ஞானிகளும் படிகங்களில் இதையே கண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் கட்டுரை வெளிவரத் தாமதமாகிவிட்டது. முந்திக்கொண்டவர் ராமன்.

1930-ல் நோபல் பரிசு. ஆசியாவுக்கு விஞ்ஞானத்தில் அதுவே முதல். நவம்பரில் அறிவிக்கப்போகும் பரிசுக்கு அவர் ஜூலையிலேயே கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார் என்பார்கள், அவ்வளவு தன்னம்பிக்கை. ஆனால் மேடையில், நமக்கென்று ஒரு கொடி இல்லாமல் பிரிட்டிஷ் கொடியின் கீழ் உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்து அவர் கண் கலங்கிவிட்டார். பரிசு ராமனுக்கு மட்டுமே. கிருஷ்ணனுக்குப் பங்கு உண்டா என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. முதல் அறிவிப்புக் கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லலாம்.

பெங்களூர்

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு முதல் இந்திய டைரக்டராக வந்தார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் ஒரு சண்டை. வெளியூர்க்காரர் தம் ஊர் ஆட்களையே சேர்க்கிறார் என்று அங்கே ஒரு மனத்தாங்கல் வளர்ந்திருந்தது. பவுபஜார் கழகத்தின் கூட்டத்தில் ராமன் தரப்பு தோற்றது. 27 ஆண்டுத் தொடர்பு அறுந்தது. அவரை அழைத்து நாற்காலி போட்டவர்களும் வங்காளிகள்தான், எதிர்த்தவர்களும் வங்காளிகள்தான். வெளி மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பெங்களூரிலும் அமைதி இல்லை. பௌதிகத்துக்கே பணத்தைக் கொட்டுகிறார் என்று புகார். கோபமும் அவருக்கு ஜாஸ்தி. 1937-ல் டைரக்டர் பதவியை விட்டு, பேராசிரியராக மட்டும் 1948 வரை இருந்தார். கமலா சோஹோனி என்ற பம்பாய்ப் பெண் 1933-ல் படிக்க இடம் கேட்டபோது, பெண் என்பதற்காகவே மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. கடைசியில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். கமலா பின்னர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். இது ராமன் பெயரில் உள்ள கறைதான், மறைத்துப் பயனில்லை. பிற்பாடு அன்னா மணி போன்ற பெண்கள் அவரிடமே வைரங்களை ஆராய்ந்தார்கள்.

1948-ல் மேக்ரி சர்க்கிள் அருகே தம் சொந்த ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் மின்சாரம்கூட வரவில்லை. சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உள்ளே விட்டே ஆராய்ச்சி நடந்தது. சர்க்கார் பணம் வாங்கினால் சர்க்காருக்குக் கணக்கு எழுத வேண்டும் என்று அதைத் தவிர்த்தார். கணக்கு இலாகாவில் பத்து ஆண்டு இருந்தவருக்கு அதன் அருமை தெரியாதா!

வண்ணத்துப்பூச்சி, கிளிஞ்சல், ரத்தினக் கற்கள் என்று வீடு நிறையச் சேர்த்தார். கிளிஞ்சலின் உட்புறமும் சோப்புக் குமிழியும் சாயமே இல்லாமல் வானவில் காட்டுவது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவார். இருட்டு அறையில் புற ஊதா விளக்கைப் போட்டதும் சாதாரணக் கற்கள் பச்சை, சிவப்பு என்று எரிவதைக் காட்டி, அவர்களைவிட அதிகம் மகிழ்வார். தலையில் எப்போதும் தலைப்பாகை. 1954-ல் பாரத ரத்னா.

காந்தி ஜெயந்தி தோறும் தம் நிலையத்தில் சொற்பொழிவு நிகழ்த்துவது அவர் வழக்கம். 1970 அக்டோபர் 2-ந் தேதி பேசியது, காது எப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றி. சில வாரங்களில் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் கிடக்க மறுத்து, நிலையத்துத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். நவம்பர் 21-ந் தேதி காலமானார். வயது 82. சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சமாதி கிடையாது. ஒரு மரம் மட்டும் நட்டார்கள்.